பன்னட் கட்டம்: என் தவறு கட்டத்துக்கு வெளியே இருந்தது

பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எந்த விகிதத்தில் வரும் என்று கணக்கிட உதவும் அட்டவணைதான் பன்னட் கட்டம். ஒரே ஒரு பண்பை மட்டும் பார்க்கும் ஒரு பண்புக் கலப்பு வரை எனக்குச் சிக்கலே இல்லை. நான்கு கட்டம் போட்டு, மேலே ஒரு பெற்றோரின் கேமீட்டுகள் (இனப்பெருக்க செல்கள்), பக்கத்தில் மற்றதன் கேமீட்டுகள் என்று எழுதிச் சேர்த்தால் 3:1 வந்துவிடும். இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இரு பண்புக் கலப்பில்தான் மாட்டிக்கொண்டேன். எத்தனை முறை போட்டாலும் வர வேண்டிய 9:3:3:1 விகிதம் வரவில்லை.

ஆங்கிலப் பெரிய எழுத்து ஓங்கு பண்பு (இரண்டும் சேர்ந்தால் வெளியே தெரிவது), சிறிய எழுத்து ஒடுங்கு பண்பு (அப்போது மறைந்துவிடுவது) என்பதுதான் வழக்கம். என் கையெழுத்தில் சில எழுத்துகள் இரண்டும் ஒன்றுபோலவே விழுந்தன. அதனால் முதலில் தமிழ் எழுத்துக்கு மாறினேன். பட்டாணி விதையில் உருண்டைக்கு உ, சுருக்கத்துக்கு சு, மஞ்சளுக்கு ம, பச்சைக்கு ப. உருண்டையும் மஞ்சளும் ஓங்கு. முதல் சந்ததிச் செடி உசு மப.

இப்படி எழுதியதும் தவறு கண்ணில் பட்டது. உசு ஒரு கேமீட், மப இன்னொரு கேமீட் என்று பிரித்து வைத்திருந்தேன். உசுவும் உசுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? வடிவத்துக்கு நான்கு அல்லீல்கள் (ஒரே ஜீனின் மாற்று வகைகள்), நிறத்துக்கு ஒன்றுகூட இல்லாத விதை! அப்படி ஒன்று இருக்கவே முடியாது. கேமீட் ஒவ்வொரு ஜீனிலிருந்தும் ஓர் அல்லீலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். உ வந்தால் அதனோடு ம அல்லது ப. சு வந்தாலும் அப்படியே. ஆக உம, உப, சும, சுப என்று நான்கு கேமீட்டுகள். நான்கைந்து தடவை எழுதிப் பார்த்த பிறகே இது மனதில் நின்றது. அதன் பின் 16 கட்டங்களை நிரப்புவது வெறும் கைவேலை.

பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 1866இல் வெளியிட்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்தம் 556 விதைகள். உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருக்க மஞ்சள் 101, சுருக்கப் பச்சை 32. கட்டத்தின்படி ஏறக்குறைய 313, 104, 104, 35 வர வேண்டும். இவ்வளவு நெருக்கமாக வந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

ஒரு குழப்பம் மட்டும் மிச்சமிருந்தது. நான்கு கட்டம் என்றால் நான்கு பிள்ளைகள், அதில் ஒன்று கட்டாயம் ஒடுங்கு பண்போடு பிறக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு பிறப்புக்கும் வாய்ப்பு தனித்தனியே 1/4தான். நான்கிலும் ஓங்கு பண்பே தெரிவதற்கான வாய்ப்பு 81/256, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வாய்ப்புகளைப் பெருக்கப் பழகிய பிறகு 16 கட்டமும் தேவைப்படவில்லை. உருண்டை பச்சை வேண்டுமா? 3/4 பெருக்கல் 1/4, அவ்வளவுதான்: 3/16.

அப்புறம் ஒன்று. இந்தப் பெருக்கல், ஜீன்கள் தனித்தனியே பிரியும்போது மட்டுமே செல்லும். இந்தக் கட்டத்தை உருவாக்கிய பன்னட்டும் அவரோடு ஆய்வு செய்த பேட்சனும் இனிப்புப் பட்டாணியில் பூ நிறத்தையும் மகரந்த வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தபோது 9:3:3:1 வரவில்லை. அந்த இரண்டு ஜீன்களும் ஜீன்களைத் தாங்கும் ஒரே குரோமோசோமில் பிணைந்திருந்தன. இப்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.