இருக்கிறது

ஏப்ரல் 9, 2024
குளிக்கும்போது மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. வலி இல்லை. வலித்தாலாவது தேவலை.

ஏப்ரல் 11
ஸ்கேன். வலது விரைக்குள் 1.8 செ.மீ. கட்டி. டாக்டர் பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை. "கேன்சராத்தான் இருக்கும், விரையை எடுத்துரலாம்" என்றார். வெளியே பெஞ்சில் செல்வி. நீர்க்கட்டியாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12
கோயிலில் கொடியேற்றம். போகவில்லை.

ஏப்ரல் 15
கேன்சருக்கான ரத்தப் பரிசோதனைகள் வந்தன. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். மூன்றும் நார்மல். ஆனால் இவை நார்மலாக இருந்தும் கேன்சர் இருக்கலாமாம். அப்புறம் எதற்கு ரத்தம் எடுத்தார்கள்? ஒன்று போனாலும் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். செல்வியிடம் இதை எப்படி ஆரம்பிப்பது?

ஏப்ரல் 17
வேறொரு டாக்டர். வயதானவர். அவரே மறுபடி ஸ்கேன் செய்தார், வெகுநேரம். என்ன வேலை என்று கேட்டார். கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி என்றேன். திரையை என் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க. வெங்காயத்தைக் குறுக்க அரிஞ்ச மாதிரி இல்ல?" கறுப்பும் வெள்ளையுமாக, வளையத்துக்குள் வளையம். உள்ளே ரத்த ஓட்டமும் இல்லை. எபிடெர்மாய்டு சிஸ்ட். தோலில் உதிரும் அதே கெரட்டின்தான் உள்ளே அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறதாம். பரவாது. அபூர்வம் என்பதால் கேன்சர் என்று பயந்து விரையையே எடுத்துவிடுவதும் உண்டாம். ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். தொடை இடுக்கில் கீறி, விரையை வெளியே கொண்டுவந்து, கட்டியை மட்டும் எடுத்து, அங்கேயே உறைய வைத்துச் சோதிப்பார்கள். நல்லதென்றால் விரையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் கிடக்கும்போதே எல்லாம் முடிவாகிவிடும்.

ராத்திரி செல்வியிடம் சொன்னேன். கட்டிக்காக அவள் அழவில்லை. "ஆறு நாளா என்கிட்ட பொய் சொல்லிருக்கீங்க" என்றுதான் அழுதாள்.

ஏப்ரல் 18
மண்டியில் ஒரு பல்லாரியைக் குறுக்கே அரிந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதேதான். அதேதானா?

ஏப்ரல் 23
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கூட்டத்தில் அம்மா என் கையை விடவே இல்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறோம். நாளை மறுநாள்.

ஏப்ரல் 26
நேற்று கண் விழித்ததும் கை அங்கேதான் போனது. ஒரே பஞ்சும் கட்டும், ஒன்றும் புரியவில்லை. செல்வி குனிந்து காதில் சொன்னாள்: "ரெண்டும் இருக்குங்க."

உறைய வைத்துப் பார்த்ததில் கேன்சர் இல்லை. முழு பயாப்ஸி ரிப்போர்ட் வர வேண்டும்.

ஏப்ரல் 30
ரிப்போர்ட் வரவில்லை. தையல் அரிக்கிறது.

மே 2
போன் அடித்தது. செல்விதான் எடுத்தாள்