மரமா கார்பனா: மூணு வாரம் ரெண்டு ஷாஃப்டையும் மாத்தி மாத்தி ஆடிப் பார்த்தது

பூல் ஆடுற என் க்யூ குச்சியில மூணு வருஷமா ஒரே மேப்பிள் மர ஷாஃப்ட் (குச்சியோட முன்பாதி), 13 மில்லிமீட்டர் டிப் (பந்துல படுற தோல் நுனி), அதுவே போதும்னுதான் இருந்தேன். ஒரு நாள் சும்மா டேபிள் மேல உருட்டிப் பார்த்தா அடியில வெளிச்சம் தெரியுது, லேசா வளைஞ்சிருச்சு. மரம்னா ஈரம் ஏறி இறங்க இது நடக்குறதுதான், ஆனா நம்மளோடதுக்கு மட்டும் நடக்காதுன்னு ஒரு நெனப்பு இருக்கும்ல. சரின்னு அதே 3/8-10 ஜாயிண்ட்ல 12.4 மில்லிமீட்டர் கார்பன் ஷாஃப்ட் ஒன்னு வாங்கிட்டேன், கையில பிடிக்கற பின்பாதி (பட்) பழையதேதான். (வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதியையும் சேர்க்கற திருகு (பின்) உங்களோடது என்னன்னு பார்த்துக்கோங்க, 5/16-14, 5/16-18, ரேடியல், யூனிலாக்னு பல வகை இருக்கு, ஒன்னுக்குப் பண்ணது இன்னொன்னுல ஏறாது.)

முதல் வாரம் மானம் போச்சு. நேர் ஷாட் எல்லாம் விழுது, ஸைடு ஸ்பின் வச்சா மட்டும் பந்து பாக்கெட் ஓரத்துல இடிச்சு நிக்குது, அதுவும் எப்பவும் ஸ்பின்னுக்கு எதிர்ப் பக்கமா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. வெள்ளைப் பந்துல வலது பக்கம் அடிச்சா அது கொஞ்சம் இடது பக்கமா விலகிப் போகும், மரத்துல இந்த விலகல் அதிகம், அதுக்கு ஏத்த மாதிரி நான் மூணு வருஷமா எனக்கே தெரியாம கொஞ்சம் வலதுல குறி வச்சுப் பழகியிருக்கேன், இப்ப கார்பன்ல அந்த விலகல் குறைஞ்சதும் என் பழக்கமே எனக்கு எதிரியாயிருச்சு. மெதுவா அடிக்கிற ஷாட்ல இன்னும் மோசம், பந்து போகப் போக ஸ்பின் பக்கமா வளைஞ்சு வேற வரும்.

ரெண்டாவது வாரம் அளந்தே பார்த்துரலாம்னு 9 அடி டேபிள்ல ஹெட் ஸ்பாட்ல (பிரேக் அடிக்கற பக்கத்து நடுப்புள்ளி) ஒரு ரிங் ஸ்டிக்கர் ஒட்டி, அதுல வெள்ளைப் பந்தை வச்சு, எதிர் குஷனோட நடுப்புள்ளிக்கு நேரா க்யூவைப் பிடிச்சு, டிப் வழுக்கி மிஸ்க்யூ ஆகாத அளவுக்கு எவ்வளவு ஸைடு போட முடியுமோ அவ்வளவு போட்டு நல்ல வேகத்துல பத்துப் பத்து அடி, போன்ல ஸ்லோ மோஷன் வேற. மரம் வளைஞ்சதாச்சே, அதனால ஒரு மார்க் போட்டு வளைவு எப்பவும் மேல் பக்கமே வர்ற மாதிரி பிடிச்சேன். மரத்துல மூணு இஞ்ச் கிட்ட விலகுது, கார்பன்ல ரெண்டு இஞ்ச் சொச்சம். அதாவது கார்பன்னா விலகலே இருக்காதுன்னு சொல்றதெல்லாம் சும்மா, குறையுது, அவ்வளவுதான். காரணம் ஷாஃப்டோட விறைப்பு இல்ல, டிப் பக்கத்து முனையோட எடை. பந்துல படுற அந்த நொடியில முனை எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு சுலபமா அது பக்கவாட்டுல ஒதுங்கிக்கும், பந்தைத் தள்ளாது. கார்பன் உள்ள குழாய் மாதிரிங்கறதால முனை லேசு. மரத்துலயும் முனையில துளை போட்டு எடையைக் குறைச்சு விலகலைக் கம்மி பண்ற லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்டுங்க இப்ப இருக்கற கார்பன் ஷாஃப்டுங்களுக்கு முன்னாடியே வந்தாச்சு.

அப்புறம் நான் பண்ண பெரிய தப்பு. கார்பன்ல அடி கல்லு மாதிரி இருக்கு, கைக்கு ஒன்னும் தெரியலன்னு பார்க்கறவங்ககிட்ட எல்லாம் புலம்பிட்டு இருந்தேன். மரத்துல இருந்தது தேய்ஞ்சு போன சாஃப்ட் டிப், கார்பன்ல வந்தது புது ஹார்ட் டிப்! இதை யோசிக்கவே இல்ல பாருங்க. மூணாவது வாரம் ரெண்டுலயும் ஒரே மீடியம் லேயர்டு டிப் (தோலை அடுக்கடுக்கா ஒட்டினது) ஒட்டினதும் அந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல காணோம். மிச்சம் இருக்கறது சத்தம்தான், கார்பன் கொஞ்சம் டொக்குன்னு கேக்கும், அது பழகிருச்சு. டிப் ஒட்டும்போது ஒன்னு, ஓரத்தைச் சீவறப்ப கார்பனைச் சுத்தி டேப் போட்டுக்கோங்க, மரத்தைத் தேய்க்கற மாதிரி உப்புத்தாள் போட்டுடாதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பராமரிப்புல பேச்சே இல்ல, கார்பன்தான். ஆல்கஹால் தொட்ட துணியில ஒரு துடை துடைச்சா டிப்ல தடவுற சாக்கோட நீலம் போயிரும், கை வேர்த்தாலும் ஒட்டாது. மரத்துல ஒரு சின்ன பள்ளம் விழுந்தாலும் க்யூவைத் தாங்கற பிரிட்ஜ் விரல்ல ஒவ்வொரு தடவையும் நெருடும், ஈரக் காகிதத்தை அந்த இடத்துல கொஞ்ச நேரம் ஒட்டி வச்சா நார் ஊறி மேல வரும், காய்ஞ்சதும் தோல் துண்டால தேய்ச்சு விடணும். இதெல்லாம் எனக்குப் பிடிச்ச வேலைதான், ஆனா அது வேற கதை.

இப்போதைக்கு கார்பனைத்தான் மாட்டியிருக்கேன், முக்கியமா வளையாதுங்கறதுக்காக. மரத்தைத் தூக்கிப் போடல, அதோட நீளமான ஃபெரூலை (டிப்புக்கு அடியில இருக்கற வளையம்) எடுத்துட்டு குட்டியா லேசா ஒன்னு போடச் சொல்லிக் கொடுத்திருக்கேன், முனை எடை குறைஞ்சா அந்த மூணு இஞ்ச் எவ்வளவு ஆகுதுன்னு அதே ஸ்டிக்கர் வச்சு அடிச்சுப் பார்க்கணும்.