அம்மன் நடை சாத்தும் நேரம்
போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன், ரொம்ப நாள் வேண்டுதல் ஒன்று நிறைவேறியிருந்தது. கையில் எலுமிச்சை மாலை. பகோடா தெருவில் கடைகளைத் தாண்டிக் கோபுரம் தெரிந்ததுமே கண் கலங்கிவிட்டது.

மூலஸ்தானத்தில் சின்ன அம்மனைத்தான் நான் முதலில் தேடுவேன். 1827ல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இந்தக் கோயில் எழுந்தபோது நாராயண பிள்ளை வைத்த அம்மன் அது. அவரைக் கோயில் கட்டியவர் என்று மட்டுமே பேசுகிறோம், அது எனக்குக் குறையாகப் படுகிறது. 1819ல் பினாங்கிலிருந்து, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு வந்து செங்கல் சூளை போட்டவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவர்களை நியமிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது, தமிழர்களுக்குள் வரும் வழக்குகளை அந்தத் தலைவர்கள்தான் பேசித் தீர்த்தார்கள். அந்தக் கரையிலிருந்து வந்தவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. இதே சாலையில் நாலு எட்டு நடந்தால் சூலியா முஸ்லிம்களின், அதாவது அந்தக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல், கோயிலுக்கு ஒரு வருடம் மூத்தது, 1826. இன்றும் அங்கே ஜும்ஆ பயான், வெள்ளிக்கிழமைத் தொழுகையின் சொற்பொழிவு, தமிழில்தான்.

எங்கள் தாத்தாவையும் துறைமுகக் குடியிருப்பில் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முறை திருவிழா மேளச் சத்தத்தால் தொழுகைக்கு இடைஞ்சல் என்று இளவட்டங்களுக்குள் வாய்ச்சண்டை முற்றிவிட்டதாம். தாத்தாவும் பள்ளிவாசல் பெரியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துப் பேசி முடித்தார்கள்: தொழுகை முடியும்வரை மேளம் கீழே இருக்கும், முடிந்ததும் சாமி ஊர்வலத்துக்கு நீர்மோர் பாய் வீட்டிலிருந்து வரும். எழுதி வைக்கவில்லை, ஆனால் அந்தக் குடியிருப்பு காலியாகும்வரை யாரும் மீறவில்லை. அந்த மோரில் இஞ்சி தூக்கலாக இருக்கும் என்று அம்மா இன்னும் சொல்வார். இப்படிப்பட்ட பெரியவர்களை நினைத்துத்தான் அன்று ஒரு நெய்விளக்கு கூடுதலாக ஏற்றினேன்.

12 மணிக்கு நடை சாத்திவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், ஜும்ஆவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"நடை சாத்திட்டாங்களாம்மா?"

"இப்பதான் பாய்."

"நல்லா கும்பிட்டியா?"

"கும்பிட்டேன்."

"சரி, வெயில்ல நிக்காதே, வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.