மும்மணித் தியானத்தில் ஒரு பழைய மெட்டு

பெரிய வெள்ளி மதியம். ஒல்லாந்தர் குடாவின் மணல் காலைச் சுட்டது. மட்டக்களப்பிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்தது ஒரு பாட்டுக்காக. அம்மம்மா ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தில், பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணித் தியான ஆராதனையில் 'இரத்தம் காயம் குத்தும்' பாடக் கேட்க வேண்டும்.

உள்ளே எல்லோரும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். பலிபீடத்தில் பூ இல்லை.

பாட்டை எழுதியவர் பால் கெர்ஹார்ட், ஜெர்மனியின் லூத்தரன் போதகர். பழைய இலத்தீன் செய்யுளொன்றைத் தழுவி 1656 இல் எழுதினார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். மெட்டோ அவருடையதன்று; 1601 இல் ஹஸ்லர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் அமைத்த காதல் பாட்டினுடையது. பெண்ணை நினைத்துக் கலங்கியவனின் மெட்டு சிலுவையடிக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. நம் பக்திப் பாடல்களிலும் இறைவன் காதலன்தானே!

1706 இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கின. பின்னால் வந்த மிஷனரி ஃபப்ரீசியுஸ் பலவற்றைத் தமிழாக்கினார். மெட்டை மாற்றாமல் சொல்லைப் பொருத்தினால் குறில் நீளும், நெடில் குறுகும். பண்டிதர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை என்றால் தாளம் தானாகவே கைக்கு வந்துவிடும். இதற்கோ ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

அந்த மூச்சில்தான் சண்டை தொடங்கியது. கீபோர்டில் இருந்த இளைஞர் வரியிறுதியில் நிற்காமல் ஓடினார். முன்வரிசைப் பாட்டிமார் ஓடவில்லை. 'சிரசே' என்ற சொல்லை அவர்கள் விட்டுக் கீழே இறங்குவதற்குள் கீபோர்டு அடுத்த வரியின் நடுவில் இருந்தது. மூன்றாம் சரணத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். லூத்தர் காலத்துச் சபையாரும் பெரும்பாலும் வாத்தியமில்லாமலேதான் பாடினார்களாம். இங்கேயும் வெறும் குரல்கள், ஒரே மெட்டில், ஆளுக்கொரு வேகத்தில். அம்மம்மா சமையலறையில் முணுமுணுத்த அதே இழுப்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது முன்வரிசைப் பாட்டி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எந்த ஊர்?"

சொன்னேன்.

"நாலாம் சரணத்தில் வாயை மூடிவிட்டீரே. பாட்டுப் புத்தகம் கிடைக்கவில்லையோ?"