இன்ஃபோசிஸ்: 2,800 ரூபாயும் 44 ரூபாயும்

அந்த அம்மாவிடம் நான் சொன்ன பழைய பங்கு விலை சரியான விலைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சில நாள் அது சரியென்று படுகிறது, சில நாள் இல்லை.

டிரான்ஸ்மிஷனுக்காக, அதாவது இறந்தவர் பெயரில் இருக்கும் பங்குகளை வாரிசு பெயருக்கு மாற்றுவதற்காக, எங்கள் பங்குத் தரகு அலுவலகத்துக்கு வந்தவர்கள், அம்மாவும் மகளும். கணவர் தபால் துறையில் இருந்தவர், இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பார்த்து முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் அந்தம்மா கேட்டார்.

"2003-ல இவ இன்ஜினியரிங் சேர்ந்தப்போ அவர் இன்ஃபோசிஸ் அம்பது ஷேர் வித்தார் தம்பி. ஒண்ணு 2,800 சொச்சம்னு சொன்னார். என் கூடப்பிறந்தவன் போன்ல பார்த்துட்டு, அந்த வருஷம் நாப்பது ரூபாகூட இல்லைங்கறான். அப்போ ஃபீஸ் கட்டின பணம் ஏது? யார்கிட்டயாவது வாங்கிட்டு எங்ககிட்ட மறைச்சாரா?"

பங்கு விலை காட்டும் டெர்மினலில் சார்ட்டைப் பின்னால் இழுத்தேன். 2003 மே மாதத்தில் 44 ரூபாயை ஒட்டி நின்றது. அந்தம்மா முகம் இன்னும் சுருங்கியது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தினப்படிச் சமாசாரம்: சார்ட்டில் தெரியும் பழைய விலை அன்றைக்கு யாரும் கொடுத்து வாங்கிய விலை அல்ல. இன்ஃபோசிஸ் 2004-ல் ஒன்றுக்கு மூன்று போனஸ் கொடுத்தது, அதாவது கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் மூன்று பங்கு இலவசம். அப்புறம் 2006, 2014, 2015, 2018 என்று நான்கு தடவை ஒன்றுக்கு ஒன்று. 2004-ல் ஒன்று நான்காயிற்று. அந்த நான்கை நான்கு முறை இரட்டிப்பாக்கினால் 64. அன்றைய ஒரு பங்கு இன்றைக்கு 64 பங்கு. அதனால் அன்றைய 2,800-ஐ 64-ஆல் வகுத்து 43.75 என்று சார்ட் காட்டுகிறது. அப்படி வகுக்காவிட்டால் ஒவ்வொரு போனஸ் தேதியிலும் பங்கு பாதாளத்தில் விழுந்தது மாதிரி கோடு இறங்கும். சில இலவசத் தளங்கள், இடையில் கம்பெனி லாபத்திலிருந்து கொடுத்த டிவிடெண்டையும் கழித்துவிட்டுக் காட்டும். தம்பிக்காரர் போனில் இன்னும் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். மூன்று எண், மூன்றும் பொய்யில்லை.

இதையெல்லாம் சொன்னேன். நோட்டைச் சில்லறை மாற்றினால் எண்ணிக்கை கூடும், மொத்த மதிப்பு மாறாது என்கிற கதையையும் சொன்னேன், எல்லோருக்கும் சொல்கிற உதாரணம் அது. தலையாட்டினார்களே தவிர நம்பிய மாதிரி தெரியவில்லை. சரி, என்று தேசியப் பங்குச் சந்தையின் பழைய பாவ்காப்பியை, அதாவது அன்றன்றைய விலைப்பட்டியலை, தேடி எடுத்தேன். பாவ்காப்பியில் யாரும் கைவைப்பதில்லை. அன்றைக்கு என்ன விலைக்குக் கை மாறியதோ அதுதான் இருக்கும், பிற்பாடு வந்த போனஸ் எதுவும் அதற்குத் தெரியாது. இன்றைய சுருக்கப் பெயரைத் தட்டினால் கிடைக்காது. அப்போது கம்பெனி பெயரே இன்ஃபோசிஸ் டெக்னாலஜீஸ், அந்தப் பழைய சிம்பலில்தான் தேட வேண்டும்.

மகள் பையிலிருந்து அப்பாவின் டைரியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். செய்தித்தாளைப் பார்த்து நீல மையில் எழுதிய முந்தைய நாள் விலைகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அந்த வருடம் ஏப்ரல் 10-ஆம் தேதிக்கு நேராக ஒரு பெரிய கேள்விக்குறி. அன்றுதான் கம்பெனி சொன்ன அடுத்த வருட வருமான மதிப்பீடு சந்தைக்குப் பிடிக்காமல் இன்ஃபோசிஸ் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. மே மாதப் பக்கம் ஒன்றில் "இன்போ 50 விற்றது", பக்கத்தில் விலை, அதன் கீழே "காலேஜ்". அவர் எழுதிய விலை பாவ்காப்பியில் அந்தத் தேதியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்ற மனுஷன் இல்லை" என்றார். அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

"விக்காம வச்சிருந்தா இப்போ எவ்வளவு இருக்கும் தம்பி?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் முந்திக்கொண்டார். "இப்போ 1,500 ரூபாய்தான்மா. அம்பது ஷேர்னா 75,000. அப்பா அன்னிக்கே 1,40,000-க்கு வித்திருக்கார். நல்ல வேளை, வித்தார்."

அந்தம்மா சிரித்தார். "அவனுக்குப் போன் போட்டுச் சொல்றேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து விட்டுப்போன ஒரு இடத்தைக் காட்டி வாங்கிக்கொண்டேன். கிளம்பிவிட்டார்கள்.

50 பங்கு 64 மடங்கானால் 3,200. 1,500 ரூபாய் வீதம் 48 லட்சம். இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். நான் எடுத்துக் கொடுத்த அசல் விலையை இன்றைய விலையோடு நேராக வைத்துப் பார்த்ததால் வந்த தப்புக் கணக்கு அது. பொய் மாதிரி தெரிந்த 44-ஐ வைத்துப் பார்த்திருந்தால் சரியான விடை வந்திருக்கும். அன்று என்ன விலைக்கு விற்றார் என்று கேட்டால் பாவ்காப்பி. அன்றிலிருந்து இன்றுவரை எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் சார்ட். ஒரு கேள்விக்கான எண்ணை அடுத்த கேள்விக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

"நீங்க என்ன அட்வைஸரா? அவங்க கேட்ட விலையை எடுத்துக் கொடுத்தீங்க, முடிஞ்சுது" என்றார் பக்கத்து சீட்டு நண்பர். விதிப்படி நான் ஆலோசனை சொல்லக் கூடாதுதான். ஆனால் பெருக்கல் ஆலோசனை ஆகாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை.

இன்னொன்றும் குத்துகிறது. முதலீட்டாளர் கூட்டங்களில் நான் வழக்கமாகச் சொல்லும் கதையே இன்ஃபோசிஸ்தான். 1993-ல் 95 ரூபாய்க்கு வெளியீட்டில் நூறு பங்கு, மொத்தம் 9,500 ரூபாய். அதைத் தொடாமல் இருந்தவரிடம், 2003-க்கு முன்பே பெருகியதையும் சேர்த்து, இன்று 1,02,400 பங்கு இருக்கும். சபை "ஆ" என்று வாய் பிளக்கும். அன்று சாயங்காலமே நாலைந்து கணக்காவது திறப்பார்கள். முன்பின் தெரியாத கூட்டத்துக்கு மைக் பிடித்துச் சொல்கிற கணக்கு, அதே பங்கை நிஜமாகவே வைத்திருந்து விற்றவரின் மனைவி நேரில் கேட்டபோது தொண்டையிலேயே நின்றுவிட்டது. இதற்கு என்ன பெயர் வைப்பது?

இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 48 லட்சம் மட்டும் நேர்மையான எண்ணா என்றும் தோன்றுகிறது. அவர்கள் கொண்டுவந்த உறையிலேயே வேறு ஐந்தாறு காகிதச் சான்றிதழ்கள் இருந்தன. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு பொதுவெளியீடு வந்த காலத்தில் வாங்கியவை: ஒரு தேக்குத்தோட்டக் கம்பெனி, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. இன்றைக்கு அவற்றுக்குச் சார்ட்டே கிடையாது. விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவையும் சாட்சிதான். சத்யம் கம்ப்யூட்டர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் போயிற்று. 2013-ல் 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு என்று கொடுத்து மூடினார்கள். 2003-ல் அவர் கையில் இருந்தது சத்யமாக இருந்தால் இதே அம்மாவிடம் நான் என்ன கணக்குச் சொல்லியிருப்பேன்? பழைய விலையைப் பார்க்கிறவர் பிழைத்த கம்பெனியைத்தான் பார்க்கிறார். தபால் துறைச் சம்பளத்தில் இருந்தவருக்கு அந்த மே மாதம் கண் முன்னால் இருந்தது, ஒரு மாதத்துக்கு முன் கால் பங்கு சரிந்த பங்கும் மகளின் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதியும்தான். அந்த ஃபீஸில் படித்தவர்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதை எந்தச் சார்ட்டில் சேர்ப்பது?

இப்படி வாதம் செய்துகொண்டே போனால் நான் பேசாமல் இருந்தது நியாயம் என்று முடிந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக முடிவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் மகள் இன்ஜினியர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒன்று 64 ஆன கதையைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஐம்பதை ஐம்பதாகவே வைத்துப் பெருக்குகிறார். நிஜமாகவே குழம்பிவிட்டாரா, இல்லை அம்மாவுக்காகத் தெரிந்தே போட்ட கணக்கா? சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்தே சொன்னார் என்றால் நான் குறுக்கே புகாதது நல்லது. தெரியாமல் சொன்னார் என்றால் ஒரு தப்பான அளவுகோலைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இறந்தவர் கணக்கில் விப்ரோவும் இருந்தது, அதில் கொஞ்சத்தை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். விப்ரோ 2019-ல் மூன்றுக்கு ஒன்று, 2024 டிசம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த பங்கு. பழைய மூன்று இப்போது எட்டு. பழைய பாவ்காப்பி விலையை இன்றைய விலையோடு வைத்துப் பார்த்தால் பல வருடம் வைத்திருந்தும் நஷ்டம் என்று தோன்றும்.

வரிக் கணக்கிலோ இதற்கு நேர்மாறு. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குக்கு, வாங்கிய விலை குறைவாக இருந்தால், அந்த ஜனவரி 31-இன் சந்தை உச்சவிலையை அடக்கவிலையாக (லாபம் கணக்கிட வாங்கிய விலையாக) எடுத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. அது போனஸுக்காக வகுக்காத அசல் விலையாக இருக்க வேண்டும், விற்ற விலைக்கு மேல் போகவும் கூடாது. அதன் பிறகு வந்த போனஸ் பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம். சார்ட்டைப் பார்த்து எண்ணைப் போட்டால் ஆடிட்டர் திருப்பி அனுப்புவார்.

டிரான்ஸ்மிஷன் முடிந்தபின் மகள் விப்ரோவுக்கான வரிக் கணக்கு ஷீட்டை மெயிலில் அனுப்பி, சரிபார்க்கச் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தேன். பழைய பங்குகள் தனி வரிசை, எதிரில் 2018 ஜனவரி 31-இன் அசல் உச்சவிலை. 2019 போனஸ் ஒரு வரிசை, 2024 போனஸ் ஒரு வரிசை, இரண்டிலும் பூஜ்யம். ஓரத்தில் தானாகவே ஒரு பத்தி சேர்த்திருந்தார்: போனஸுக்கு ஏற்ப வகுத்த பழைய விலை, அதிலிருந்து இன்றுவரையிலான வளர்ச்சி. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

அன்றே தெரிந்து வைத்திருந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆடிட்டர் போட்டுக் கொடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் இன்ஃபோசிஸ் கணக்கையும் இந்நேரம் போட்டுப் பார்த்திருப்பார். கேட்டுவிடலாம் என்று பதில் மெயிலில் ஒரு வரி அடித்தேன். அப்புறம் அதை அழித்துவிட்டு, "சரியாக இருக்கிறது மேடம், விற்கும்போது பழைய பங்குகள்தான் முதலில் போகும், அதை மட்டும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.