சாவு வீட்டு கானாவும் ஒரு போர்ச்சுகல்காரனும்

என் தம்பி போன வருஷம் ஒரு டிவி பாட்டு போட்டிக்கு ஆடிஷன் போனான். எந்த டிவின்னு சொல்ல மாட்டேன், சொல்லி இன்னா ஆவப்போவுது. காலைல ஆறு மணிக்கு தண்டையார்பேட்டைல கெளம்பி போயி சாயந்தரம் நாலு மணிக்குதான் உள்ள கூப்புட்டாங்களாம், இவன் நம்ம ஏரியா பெரியவர் ஒருத்தர்கிட்ட கத்துக்குன கானாவ பாடிருக்கான், கேட்டுட்டு "வாய்ஸ் சூப்பரா இருக்கு, ஆனா அந்த உச்சரிப்ப கொஞ்சம் சரி பண்ணிக்கோங்க, அப்புறம் பர்ஃபார்மன்ஸ் பத்தல, நின்ன எடத்துலயே நிக்கறீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தவன் நேரா மாடிக்கு போயி குந்திக்கினான். அம்மா மூணு வாட்டி சாப்புட கூப்புட்டும் எறங்கல.

அன்னிக்கு ராத்திரிதான் நான் அவனுக்கு போர்ச்சுகல் பாட்டுக்காரர் சால்வடோர் சொப்ரால் பாட்ட போட்டு காட்டுனேன்.

எனக்கு அந்தாளு எப்படி தெரியும்னா, எங்க பெரியம்மா பையன் கப்பல்ல வேல செய்யறான், லிஸ்பன்ல எறங்குனப்ப ஒரு கடைல கேட்டானாம், ஒடனே வாட்ஸப்ல அனுப்பி வுட்டான், கீழ ஒரே ஒரு லைன், "இத்த கேளு, ஒண்ணும் பிரியாது, ஆனா அழுவ வரும்". அது யூரோவிஷன்ல பாடுன பாட்டாம், அப்ப யூரோவிஷன்னா இன்னான்னே தெரியாது எனக்கு. அப்பாலதான் உள்ள எறங்கி பாத்தேன், ஐரோப்பால 1956லருந்து வருஷா வருஷம் நடக்குற பாட்டு போட்டி, ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு பாட்டு அனுப்பலாம், மூணு நிமிஷத்துக்கு மேல போவக்கூடாது, மேடைல ஆறு பேருக்கு மேல இருக்கக்கூடாது, மெயின் குரல் லைவ்வா இருக்கணும். ஓட்டு போடறப்ப சொந்த நாட்டுக்கு போட முடியாது. இந்த ஒரு ரூல நம்ம ஏரியா போட்டிங்கள்ல வச்சா பாதி பேரு ஸ்டேஜ் பக்கமே வரமாட்டான்.

போர்ச்சுகல் கதைய கேட்டீங்கன்னா பாவமா இருக்கும். 1964ல மொத மொத போனாங்க, கோபன்ஹேகன்ல, வாங்குன பாயிண்ட்டு சைபர். அப்ப அங்க சலாசார்னு ஒருத்தரோட சர்வாதிகாரம், போட்டி நடுவுல எவனோ ஒருத்தன் அவருக்கு எதிரா போர்டு புடிச்சிக்கினு மேடைலயே ஏறிட்டான்னா பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் போறது, கீழ வர்றது, திரும்பி வர்றது. பெஸ்ட்டுனா 1996ல ஆறாவது எடம், அவ்ளோதான். 2016ல போவவே இல்ல. ஐபிஎல்ல சில டீமுக்கு 'இந்த வருஷம் நம்ம கப்பு'ன்னு சொல்லிக்கினே இருந்தாங்க இல்ல, அவங்களாச்சும் பைனல் வரைக்கும் போனவங்க.

2017ல திரும்பி வந்தாங்க. அவங்களுக்கு உள்நாட்டுல ஆள் எடுக்கறதுக்குன்னே ஒரு போட்டி இருக்கு, ஃபெஸ்டிவல் தா கன்சாவ்னு பேரு, 1964லருந்து அவங்க அரசு டிவி நடத்துது. இதுல எனக்கு புடிச்ச விஷயம் இன்னான்னா மொதல்ல பாட்டு எழுதுறவங்கள கூப்புடுவாங்க, அவங்க ஒரு பாட்டு செஞ்சி யாரு பாடணும்னு அவங்களே ஆள கூட்டினு வருவாங்க. நம்ம ஊர்ல மொதல்ல மூஞ்சி, அப்பால குரல், பாட்டு ஏற்கனவே எவனோ ஹிட் குடுத்ததா இருக்கும். அப்படி லூயிசா சொப்ரால்னு ஒரு பாட்டுக்காரம்மா, அவங்களே எழுதி அவங்களே ட்யூன் போட்ட பாட்டுக்கு சொந்த தம்பிய கூட்டினு வந்தாங்க. அந்த தம்பிதான் சால்வடோர். பாட்டு பேரு 'அமார் பெலுஷ் தோய்ஷ்', ரெண்டு பேருக்கும் சேத்து நானே நேசிக்கிறேன்னு அர்த்தம். உன் மனசு எறங்கி வரலன்னா பரவால்ல, என் மனசு ரெண்டு பேருக்கும் சேத்து நேசிச்சிக்கும்ங்கற மாதிரி போவும்.

இத்தனைக்கும் அந்தாளுக்கு அப்ப ஹார்ட்டு ரொம்ப மோசம். உக்ரைன்ல கீவ் ஊர்ல பைனல், ஆரம்ப ரிகர்சலுக்கு கூட அவரால போவ முடியல, அக்காதான் அவருக்கு பதிலா மேடைல நின்னு பாடி கேமரா லைட்டெல்லாம் செட் பண்ணாங்க. எனக்கு பாட்ட விட இந்த சீன்தான் மனசுல நிக்குது. நம்ம வூட்டு பொம்பளைங்க ஆஸ்பத்திரில தம்பிக்கு டோக்கன் போட்டு எடம் புடிச்சி நிப்பாங்களே, அதே மாதிரி.

2017 மே 13, நம்மளுக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சிருக்கும், வட சென்னைல அப்ப வேர்வைல ஊறிக்கினு தூங்கிக்கினு இருந்திருப்போம். மத்தவங்கல்லாம் லைட்டு, நெருப்பு, டான்ஸு, கொரில்லா வேஷம் போட்டு ஒருத்தன் கூட ஆடுனான் (நெசமா, இத்தாலிக்கு). இந்தாளு இன்னா பண்ணாருன்னா பெரிய மேடைய வுட்டுட்டு ஜனங்களுக்கு நடுவுல இருக்கற சின்ன ரவுண்டு மேடைல தனியா நின்னு, தொளதொளன்னு ஒரு கறுப்பு கோட்டு, கைய மட்டும் ஒரு மாதிரி ஆட்டிக்கினு, கண்ண மூடி, போர்ச்சுகீஸ்லயே பாடுனாரு. அவ்ளோதான். மொத்தம் 758 பாயிண்ட்டு. ஜட்ஜுங்க பக்கம் 382, ஜனங்க பக்கம் 376, ரெண்டுலயும் இவருதான் ஃபர்ஸ்ட்டு. மொத சைபர் வாங்கி 53 வருஷம் கழிச்சி. ஜெயிச்சப்புறம் திரும்ப பாட சொன்னாங்க, அக்காவையும் மேடைக்கு இழுத்துக்கினு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாடுனாங்க. அதே டிசம்பர்ல அவருக்கு ஹார்ட்டே மாத்துனாங்க, இப்பவும் பாடிக்கினுதான் இருக்காரு.

ஜெயிச்ச கையோட ஒரு டயலாக் வுட்டாரு, மியூசிக்னா வாணவேடிக்கை இல்ல, உணர்ச்சின்னு. அது கொஞ்சம் ஓவர்னுதான் எனக்கு பட்டுச்சு, கூட போட்டி போட்ட ஸ்வீடன்காரருக்கும் அது புடிக்கல. வெடி வெடிச்சா உணர்ச்சி இல்லன்னு யார் சொன்னா, நாங்க சாவுக்கே வெடி வெடிக்கறவங்க.

ஆனா அத்த வச்சிதான் தம்பிகிட்ட பேசுனேன். எங்க ஆயா செத்தப்ப பதினாறாம் நாள் ராத்திரி கானா வச்சாங்க, அந்த பெரியவரு ஒரு பிளாஸ்டிக் சேர்ல குந்திக்கினு, பக்கத்துல ஒரு டோலக்கு, அவ்ளோதான், நின்ன எடத்துல கூட இல்ல குந்துன எடத்துலயே வுடியற வரைக்கும் பாடுனாரு. ஆயா மீன் கூடைய தலைல வச்சிக்கினு காசிமேட்டுலருந்து நடந்து வந்தத அவரு பாட்டுல கட்டுனப்ப, எங்க பெரியப்பா, அந்தாளு யாருக்கும் அழுவாதவரு, தெருவுல போயி நின்னுக்கினாரு. அப்ப எவனும் உச்சரிப்ப சரி பண்ணிக்கோங்கன்னு சொல்லல.

தம்பி கேட்டான், "இன்னா ண்ணா, அவன் ஜெயிச்சதால சொல்ற, தோத்துருந்தா?"

கரெக்டான கேள்விதான். அதுக்குதான் நான் 1974 கதைய சொன்னேன். அந்த வருஷம் போட்டி இங்கிலாந்துல பிரைட்டன்ல, ஏப்ரல் 6, ABBAன்னு ஸ்வீடன் பாட்டு குரூப்பு ஜெயிச்ச வருஷம். போர்ச்சுகல்லருந்து பாவ்லு தி கர்வால்யுன்னு ஒருத்தர் போயி ஒரு பிரிவு பாட்டு பாடி மூணே பாயிண்ட்டு வாங்கி கடைசி எடத்த நாலு நாடா பங்கு போட்டுக்கினாங்க. ஊருக்கு திரும்பி மூணு வாரம் கூட ஆவல, ஏப்ரல் 24 ராத்திரி 10:55க்கு லிஸ்பன் ரேடியோல அதே பாட்ட போட்டாங்க. அது சிக்னல். ராணுவத்துல சர்வாதிகாரத்துக்கு எதிரா ரகசியமா பிளான் போட்டிருந்த ஆபீசருங்களுக்கு ரெடியாவுங்கன்னு அர்த்தம். காதல் பிரிவு பாட்டு, அரசியலே கெடையாது, அதனால எவனுக்கும் சந்தேகம் வராதுன்னுதான் அத்த புடிச்சாங்க. நடுராத்திரி தாண்டி இன்னொரு பாட்டு, அது ஏற்கனவே அரசியல் வாடை அடிக்கற பாட்டு, அது ரெண்டாவது சிக்னல், கெளம்புங்கன்னு. வுடிஞ்சி சாயந்தரத்துக்குள்ள நாப்பது வருஷத்துக்கு மேல ஆண்ட கும்பல் காலி, ஜனங்க சோல்ஜருங்க துப்பாக்கில பூ சொருவுனாங்க. மூணு பாயிண்ட்டு பாட்டு!

"சும்மா டபாய்க்காத"ன்னான். ஃபோன்ல காட்டுனப்புறம்தான் நம்புனான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லாட்டி ஏமாத்துன மாதிரி ஆயிடும். 2018ல லிஸ்பன்லயே போட்டி நடந்துச்சி, சொந்த ஊர்ல போர்ச்சுகல் கடைசி, 39 பாயிண்ட்டு. 2021ல மொத தடவையா முழு பாட்டையும் இங்கிலீஷ்லயே அனுப்புனாங்க. பன்னெண்டாவது எடம். சொந்த பாஷைல பாடுனா ஜெயிக்கலாம்னும் இல்ல, தோக்கலாம்னும் இல்ல. அவங்களுக்கே ஒரு முடிவுக்கு வர முடியல, அத்த பாத்துதான் எனக்கு அந்த நாட்டு மேல இன்னும் பாசம் வருது. பாஷைன்னதும் ஞாபகம் வருது, சாவி, ஜன்னல், அலமாரி இதெல்லாம் அவங்ககிட்டருந்து நம்ம வாய்க்கு வந்த வார்த்தைங்கதான். தம்பி உச்சரிப்ப திருத்த சொன்னவங்க வூட்லயும் ஜன்னல் இருக்கும்.

போன ஞாயித்துக்கெழம கரண்ட் போச்சி, எல்லாரும் மாடில. தம்பியோட ஃப்ரெண்டு டோலக்கோட வந்திருந்தான், இவன் அந்த 'அமார் பெலுஷ்' ட்யூன வார்த்தை தெரியாம தானானான்னு இழுத்துக்கினு இருந்தான். டோலக்குகாரன் ரெண்டு நிமிஷம் தட்டி பாத்துட்டு நிறுத்திட்டான். "மச்சான் இது மூணு மூணா சுத்துதுடா, நம்ம அடிக்கு ஒக்காரல"ன்னான். அப்பறம் அவனே, "இரு, இன்னொரு வாட்டி பாடு"ன்னான். நாலாவது வாட்டில ஏதோ ஒரு மாதிரி புடிச்சான், பாதி கானா பாதி என்னமோ. தம்பி அதுக்கு மேல ஆயா மீன் கூடைய ஏத்தி ரெண்டு லைன் கட்டுனான். கரண்ட் வந்து கீழ எல்லார் வூட்லயும் ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடுச்சி, எவனும் எறங்கல.