லோட்ஷன்டாலில பேய் கலைக்கிற மாசம்

சுவிஸ் மலைப்பக்கம் விஸ்ப்பில இருக்கிற எங்களுக்கு பெப்ரவரி எண்டா சரியான அலுப்பு, சுத்திவர மலை, வெயில் எட்டிப் பாத்திட்டுப் போயிடும், வேலை வீடு வேலை வீடு எண்டே போகும். அப்பதான் எங்கட கிச்சினில வேலை செய்யிற கிப்பல் ஊர்ப் பெடியன் ஒருத்தன், எங்கட ஊர் ஃபாஸ்னாக்ட்டுக்கு (தவக்காலத்துக்கு முதல் வாற வேஷத் திருவிழா) வா, ஆனா நல்ல ஜக்கெட் போடாத எண்டான்.

கிப்பல் இருக்கிறது லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில. கோப்பன்ஸ்டைன் வரைக்கும் ரெயின், பிறகு பஸ். பெப்ரவரி தொடக்கத்தில வாற மெழுகுதிரித் திருநாள் முடிஞ்ச கையோட, தவக்காலம் தொடங்குற விபூதிப் புதனுக்கு முதல்நாள் வரைக்கும் அங்க "ட்ஷெகெட்டெ" எண்ட உருவங்கள் றோட்டில திரியும். பைன் மரத்தில செதுக்கின கோண முகம், வாய்க்குள்ள உண்மையான மாட்டுப்பல்லு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுத்தோல், இடுப்பில பெரிய மாட்டுமணி. மணிச்சத்தம் கேட்டா ஓடவேணும், பிடிபட்டா முகத்தில பனியை அள்ளித் தேய்ச்சுப்போட்டுத்தான் விடும், முந்தி கரியும் பூசுறதாம். வெளிநாட்டுக்காரன், பாக்க வந்தவன் எண்டெல்லாம் பாக்காது, எனக்குக் காதுக்குள்ளயும் பனி!

குளிரையும் பேயையும் கலைக்கிற ஆதிகாலச் சடங்கு எண்டுதான் டூரிஸ்ட் பேப்பரில போட்டிருக்கும். ஆனா பழைய எழுத்துப் பதிவு எண்டு காட்டுறது 19ம் நூற்றாண்டில பங்குச்சாமி போட்ட தடையைத்தான். முந்தி கலியாணம் கட்டாத பெடியள் மட்டும்தான் இந்த வேஷம் போடலாம், இப்ப பொம்பிளையள் சின்னனுகள் எல்லாரும் போடினம். என்னைக் கேட்டா இது பனிக்குள்ள அடைபட்டுக் கிடந்த இளந்தாரியளின்ர குழப்படிதான், பேயைக் கலைக்கிறது எல்லாம் பிறகு ஒட்டின கதை. சூரிக்கில ஏப்ரலில பனிமனிசன் பொம்மை எரிக்கிறதுதான் நேரடியா குளிருக்குச் செய்யிற வேலை, வெடி வைச்ச தலை கெதியா வெடிச்சா நல்ல கோடையாம், 2023ல வெடிக்க 57 நிமிசம் எடுத்தது.

விபூதிப் புதனுக்கு முன்னால வாற வியாழன் இரவு பெரிய ஓட்டம் இருக்கு, 2025 வரைக்கும் அது ப்ளாட்டனில தொடங்கி ஃபெர்டன் வரைக்கும் வந்தது. அந்த ப்ளாட்டன்தான் 2025 மே 28ல பனிப்பாறையும் மலையும் சரிஞ்சு 90 வீதமளவில மூடுபட்டுப் போனது. 300 பேரளவில முதலே வெளியேத்தினபடியா தப்பிச்சினம், ஆனா கன பேருக்கு வீடு வாசல் ஒண்டும் இல்லை. எங்கட ஆக்கள் கன பேர் அந்தச் செய்தியைப் பாத்து அழுதவை, ஊர் இல்லாமப் போறது எண்டா என்ன எண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லைத்தானே.

சின்னப் பிள்ளையளோட போறவை கிப்பல் மியூசியத்தில முகமூடியளைக் கிட்டப் பாக்கலாம், திறக்கிற நாள் பாத்துப் போங்கோ. அங்க ஒருத்தரும் பனி தேய்க்க மாட்டினம்.